தண்ணி வரான் இல்லே

கொருக்குப்பேட்டை கேட் மூடிக்கிடந்த ஒரு மத்தியானம்
கேவர்சந்த் சேட்டு என்னிடம் சொன்னார்:
"எலக்சன் நிக்கிறான் நான்."
தன்மையும் படர்க்கையும் அவர் தமிழில்
ஒரே கல்லாப்பெட்டியில் கிடக்கும்.
பத்தொன்பது வருடம் அவர் கடையில் ரசீது எழுதியவன்,
திருத்துவதை எப்போதோ விட்டிருந்தேன்.
டாங்கர் வண்டி போய்க்கொண்டே இருந்தது.
நாற்பத்தாறு பெட்டி. அவர்தான் எண்ணினார்.

பாலி ஜில்லாவிலிருந்து பதினாறு வயதில்
மாமன் கடையைப் பெருக்க வந்தவர்.
எங்கள் தெருக்களின் நல்லது கெட்டது
அவருக்குப் பேரேட்டில் தெரியும்.
ஜூன் முதல் வாரம் கம்மல் வந்தால் பள்ளிக்கூடம்.
மீன்பிடித் தடைக்காலத்தில் காசிமேட்டுக் கொலுசு.
ராத்திரி ஷட்டரைத் தட்டித் தாலிக்குண்டு வந்தால்
ஸ்டான்லி ஆஸ்பத்திரி.
அந்தக் கோடையில் பித்தளைக் குடங்கள் வந்தன.
"தண்ணியே இல்ல, இது எதுக்கு" என்று
வைத்துவிட்டுப் போனார்கள்.
ஒரு சுவர் முழுக்கக் குடம்.
அதைப் பார்த்து அவர் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தார்
என்று எழுதினால் நன்றாக இருக்கும்.
சாப்பிட்டார். கை கழுவ வாளியில் தண்ணீர் இல்லை.
வேட்டியில் துடைத்துக்கொண்டு
"இதுக்கு மேல வைக்க எடம் இல்லே" என்றார்.

மிண்ட் தெருவிலிருந்து பெரியவர்கள் வந்தார்கள்.
வியாபாரிக்கு எல்லாக் கட்சியும் வாடிக்கை,
நன்கொடை கொடு, மாலை வாங்கு, வீட்டுக்குப் போ.
நம்மில் எவனும் இந்தப் பக்கம் நின்றதில்லை.
தோற்றால் சிரிப்பார்கள்.
ஜெயித்தால்
கடைக்குக் கல் வரும்.
மோர் குடித்துவிட்டுச் சொன்னார்கள்.

காப்புத்தொகை கட்டிய ரசீதை
இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.
கொடுத்தே பழகிய கை.
"மீட்கிற தேதி போடல்லே?"
அதிகாரி சிரிக்கவில்லை.
சின்னங்களில் தராசு இருந்தது.
மேசைக்கடியில் அவர் காலை மிதித்தேன்.
கைப்பம்பு என்றார்.

சுவரில் எவனோ எழுதினான்:
வட்டிக்காரனுக்கு வட்டம் எதுக்கு?
எழுத்து அழகாயிருந்தது, அழிக்க வேண்டாம் என்றார்.
"நீ எந்த ஊருய்யா" என்று டீக்கடையில் மறித்தவனுக்கு
அவன் அப்பா எழுபத்தெட்டில் வைத்த மோதிரத்தின்
எடையைச் சொன்னார், கல் நீக்கி.

மை காயாத விரலோடு வந்தாள் அஞ்சலாட்சி.
"உனக்குத்தான் குத்தினேன். வட்டியக் கழிச்சுக்கோ."
"ஓட்டு வேற. வட்டி வேற."
நாசமாப் போ என்று முழுசாகக் கட்டிவிட்டுப் போனாள்.
வட்டியைக் கடைசிவரை அவர் குறைக்கவில்லை,
அதையும் நான்தானே எழுத வேண்டும்.

முப்பத்தேழு ஓட்டில் ஜெயித்தார்.

ரிப்பன் மாளிகையில் நான் எழுதிக்கொடுத்த தாள்.
வணக்கத்துக்குரிய, முதல் சொல்லிலேயே நாக்கு வழுக்கியது.
மன்றம் சிரித்தது.
தாளை நாலாக மடித்து ஜிப்பாவில் வைத்தார்.
"எங்க தெருவில தண்ணி வரான் இல்லே.
கொழாயில காத்து வரான்.
ராத்திரி ரெண்டு மணிக்குக் கறுப்பா வரான்.
எங்க கடையில நூத்திப் பன்னண்டு குடம் இருக்கான்.
யாருதுன்னு பேர் சொல்ல மாட்டான் நான்.
நம்பர் சொல்றான்."

சொன்னார். பேரேடு இல்லாமல், ஒவ்வொன்றாக.
முப்பதாவது ரசீதுக்குள் சிரிப்பு நின்றிருந்தது.
பார்வையாளர் வரிசையில் நானும் எண்ணிக்கொண்டிருந்தேன்.
நூற்றுப் பதினொன்றுதான் வந்தது.
விட்டுப்போன எண் எனக்குத் தெரியும்.
என் வீட்டுக் குடம்.

குழாய் வர இன்னும் இரண்டு வருடம் ஆனது.
பாதிப் பேர்தான் குடத்தை மீட்டார்கள்.
மற்றவர்கள் பிளாஸ்டிக்கில் பிடித்துக்கொண்டார்கள்.